வைத்தியசாலைகளிற் காப்பு மின்சாரம்

மின்சாரம் அற்றுப்போன வீட்டில் இருள் ஒன்றே குறை. மின்சாரம் அற்றுப்போன வைத்தியசாலையிலோ இருளோடு வேறு பல தீங்குகளும் விளைகின்றன. செயற்கைச் சுவாசக் கருவி நிற்கும். சத்திரசிகிச்சை மேசையின்மேல் எரியும் விளக்கு அணையும். குறைமாதத்திற் பிறந்த குழந்தையைக் காக்கும் வெப்பப் பெட்டி குளிரத் தொடங்கும். குருதியும் தடுப்பு மருந்தும் வைத்த குளிரறை சூடேறும். மாடிகளுக்கு நீரேற்றும் பம்பி ஓயும். நோயாளரை ஏற்றி இறக்கும் உயர்த்தி இடைவழியில் நின்றுவிடும். வீட்டிலுள்ளோர் ஒரு மெழுகுதிரியை ஏற்றிவைத்துக் காத்திருக்கலாம். வைத்தியசாலையிற் படுத்திருப்போருட் பலர் அவ்வாறு காத்திருக்க இயலாதவர்கள்.

ஆதலின், மின்சார சபை தரும் மின்சாரம் தவறியவிடத்து உடனே தொழிற்படத்தக்க வேறொரு மின்மூலத்தை ஒவ்வொரு வைத்தியசாலையும் தன்னிடத்தே வைத்திருத்தல் வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதியாயிற்று. அதனைக் காப்பு மின்சாரம் என இக்கட்டுரையில் வழங்குவோம். பெரும்பாலான இடங்களில் இது டீசல் எண்ணெயில் ஓடும் ஒரு மின்பிறப்பாக்கி. “உங்கள் வைத்தியசாலையில் மின்பிறப்பாக்கி உண்டா?” என்று வினவினால், “உண்டு” என்னும் விடை எளிதிற் கிடைக்கும். ஆயினும் பிறப்பாக்கி இருத்தல் வேறு. வேண்டிய கணத்தில் நோயாளியின் கட்டிலருகே மின்சாரம் இருத்தல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். நமது பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் நிருவாகிகளும், பிறந்த ஊர் வைத்தியசாலைக்கு இயந்திரம் வாங்கிக் கொடுக்கப் பொருளுதவும் அன்பர்களும் பலர் உளர். ஆதலால் இப்பொருள் இம்மலருக்குப் புறம்பானதன்று.

பத்து விநாடிகளில் நிகழ்வன

ஊர் மின்சாரம் அற்ற கணத்தில் நிகழவேண்டியவற்றை வரிசையாக நோக்குவோம். முதலாவது, மாற்றாளி எனப்படும் கருவி மின்னழுத்தம் வீழ்ந்ததை உணர்ந்து இயந்திரத்துக்குக் குறிப்பு அனுப்புதல் வேண்டும். இரண்டாவது, மின்கலவடுக்கு தொடக்கு மோட்டாரைச் சுழற்றுதல் வேண்டும். மூன்றாவது, தாங்கியிலுள்ள எண்ணெய் பம்பியினூடாகவும் வடியினூடாகவும் இயந்திரத்தை அடைதல் வேண்டும். நான்காவது, இயந்திரம் உரிய வேகத்தைப் பெறுதல் வேண்டும். நமது நாட்டு மின்சாரத்தின் மீடிறன் விநாடிக்கு 50 சுற்று. நான்கு முனைவுகளையுடைய பிறப்பாக்கி அம்மீடிறனைத் தருதற்கு நிமிடத்துக்கு 1,500 முறை சுழலவேண்டும். பௌதிகவியல் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். ஐந்தாவது, மின்னழுத்தமும் மீடிறனும் நிலைபெற்றபின், மாற்றாளி வைத்தியசாலையின் சுற்றுக்களை ஊர்க் கம்பியிலிருந்து விடுவித்துப் பிறப்பாக்கியோடு இணைத்தல் வேண்டும்.

இவை யாவும் 10 விநாடிகளுக்குள் நிறைவேற வேண்டும் என்பது, உயிர்காக்கும் கருவிகளைப் பொறுத்தவரை, அமெரிக்க நாட்டின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த விதி. அச்சங்கத்தின் 110ஆம் இலக்க நியமம் இத்துறையிற் பெரிதும் எடுத்தாளப்படுவது. சத்திரசிகிச்சை மேசையின் விளக்குக்கு அந்தப் பத்து விநாடியும் மிகுதி. கத்தி உடலினுட் சென்றிருக்கும் வேளையில் வைத்தியர் பத்து விநாடி இருளில் நிற்றல் தகாது. ஆகவே சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமம் அவ்விளக்குக்கு அரை விநாடியே அவகாசம் தருகின்றது. எந்த டீசல் இயந்திரமும் அரை விநாடியிற் புறப்பட்டு வேகம் பெறாது. அவ்விடைவெளியை நிரப்புதற்கு எந்நேரமும் மின்னேற்றப்பட்டிருக்கும் மின்கலவடுக்குகள் வேண்டும்.

இவ்வைந்து படிகளுள் ஒன்று தவறினும் ஏனைய நான்கும் பயனிலவாம். தோட்டக் கிணற்றில் நீர் நிறைந்திருக்கலாம். துலாவும் உறுதியாய் நிற்கலாம். கயிறு இற்றுப்போயிருப்பின் வாய்க்காலில் நீர் ஓடாது. காப்பு மின்சாரத்தின் வரலாற்றைப் பார்க்குமிடத்து, பெரும் பிறப்பாக்கி பழுதின்றி இருக்கவும், சிறு துணையுறுப்பு ஒன்று தவறியதால் விளைந்த இடர்களையே மிகுதியாகக் காண்கின்றோம். செல்வமும் விதிகளும் நிறைந்த அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த இரண்டினை இங்கே எடுத்துக்கொள்வோம்.

இரு பெரும் பாடங்கள்

2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி இரவு, சாண்டி என்னும் புயலால் எழுந்த கடற்பெருக்கு நியூயோர்க் நகரின் ஈஸ்ற் ஆற்றங்கரையைத் தாண்டி உள்ளே புகுந்தது. அக்கரையோரத்தில் உள்ளது பெல்வியூ வைத்தியசாலை. 1736இல் தோன்றியதென வரலாறு கூறும் இவ்வைத்தியசாலை அந்நாட்டின் மிகப் பழைய பொது வைத்தியசாலைகளுள் ஒன்று. வெள்ளத்துக்கு எட்டாதிருக்கவேண்டுமென்று அதன் மின்பிறப்பாக்கிகளை 13ஆம் மாடியில் அமைத்திருந்தனர். நல்ல முன்யோசனைதான். ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்பிகள் நிலக்கீழ் அறையில் இருந்தன. வெள்ளம் அவ்வறையை நிரப்பியது, பம்பிகள் நின்றன. கீழே எண்ணெய் இருந்தது. மேலே இயந்திரம் இருந்தது. இரண்டையும் சேர்க்கும் வழி அற்றது. வைத்தியசாலை ஊழியரும் தேசிய காவற்படையினரும் மாடிப்படிகளில் வரிசையாக நின்று, கலன் கலனாக எண்ணெயைக் கைமாற்றிப் பதின்மூன்று மாடிக்கு ஏற்றினர். அவ்வுழைப்பினாலேயே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனினும் அந்நிலையை நீடிக்க இயலாமையால், ஏறத்தாழ 700 நோயாளரை வேறிடங்களுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. வைத்தியசாலை மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது 2013 பெப்புருவரியிலேதான்.

அதே இரவில், அயலிலிருந்த நியூயோர்க் பல்கலைக்கழகத்து லாங்கோன் வைத்தியசாலையிலும் காப்பு மின்சாரம் தவறியது. முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 20 பச்சிளங் குழந்தைகளும் அடங்குவர். தாதியர் அக்குழந்தைகளை மார்போடணைத்து, சுவாசப் பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டியவாறே ஒன்பது மாடிப்படிகளையும் இறங்கினர். குழந்தைகள் அனைவரும் உயிரோடு இறக்கப்பட்டனர். அத்தாதியரின் தொண்டு போற்றற்குரியது. ஆயினும் அத்தகைய வீரத்தை வேண்டாத வகையில் வைத்தியசாலையை அமைத்தலே பொறியியலாளரின் கடன்.

மற்றொன்று இதற்கும் ஏழாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. 2005ஆம் ஆண்டு ஓகஸ்ற் 29ஆம் திகதி கத்ரினா என்னும் புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. கரைகள் உடைந்து நகரம் நீரில் ஆழ்ந்தது. அந்நகரிலிருந்த மெமோரியல் வைத்திய நிலையத்தில் நகர மின்சாரம் அற்றபின் காப்பு மின்சாரம் இரண்டு நாட்கள்வரை உதவியது. 31ஆம் திகதி அதிகாலையில் அதுவும் நின்றது. அங்கே பிறப்பாக்கிகள் நிலமட்டத்துக்கு மேலே அமைந்திருந்தபோதிலும், மின்னை மாற்றிப் பங்கிடும் உறுப்புக்கள் சில வெள்ளம் எட்டத்தக்க தாழ்ந்த மட்டத்தில் இருந்தன. சுவாசக் கருவிகள் தம்முள் இருந்த மின்கலத்தின் வலுத் தீருமட்டும் ஓடி ஓய்ந்தன. கடும் வெப்பத்திலும் இருளிலும் கிடந்த அக்கட்டடத்திலிருந்து பின்னர் 45 உடலங்கள் மீட்கப்பட்டன. அவ்விறப்புக்கள் எல்லாவற்றுக்கும் மின்னின்மை ஒன்றே காரணமென்று கூறல் பொருந்தாது. வெள்ளமும் வெப்பமும் மீட்புப்பணியின் தாமதமும் சேர்ந்தே அத்துயரை விளைத்தன. ஆனால் மின்சாரம் நின்ற கணத்திலிருந்து வைத்தியர்க்கும் தாதியர்க்கும் செய்யத்தக்கது மிகச் சுருங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை.

இரண்டு நகரங்களிலும் பிறப்பாக்கி இருந்தது. பரிசோதிப்போர் குறிப்பேட்டில் “உண்டு” என்று எழுதக்கூடிய நிலையிலேயே இருந்தது. தவறியவை பம்பியும் மாற்றாளியுமே.

பரிசோதனை என்பது யாது?

இத்தகைய தவறுகளை முன்னரே கண்டுகொள்ளும் வழி ஒன்றே. அது பரிசோதனை. மேற்கூறிய 110ஆம் இலக்க நியமத்தின்படி, பிறப்பாக்கித் தொகுதியை வாரந்தோறும் பார்வையிடல் வேண்டும். மாதந்தோறும் சுமையேற்றி 30 நிமிடமாவது ஓட்டுதல் வேண்டும். அச்சுமை இயந்திரத்தின் குறித்த வலுவில் நூற்றுக்கு 30 வீதத்துக்குக் குறையலாகாது. மாற்றாளியையும் மாதந்தோறும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். உயிர்காக்கும் தொகுதிகளை 36 மாதங்களுக்கொருமுறை தொடர்ந்து நான்கு மணிநேரமாவது ஓட்டிப் பார்த்தலும் வேண்டும்.

“சுமையேற்றி” என்னும் சொல்லே இங்கு உயிரான சொல். பல இடங்களிற் பரிசோதனை என்ற பெயரில் நடைபெறுவது யாதெனின், காலையில் ஊழியர் ஒருவர் சென்று பொத்தானை அழுத்துவார்; இயந்திரம் முழங்கும்; ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்திற் கையொப்பமிடுவார். அவ்வெற்றோட்டத்தால் அறியக்கூடியது, இயந்திரம் தொடங்கும் என்பது மட்டுமே. மாற்றாளி மாறுமா? சுற்றுக்களுக்கு மின் செல்லுமா? முழுச் சுமையில் வெப்பம் எவ்வளவு ஏறும்? இவற்றுள் எதுவும் தெரியவராது. அன்றியும் வெற்றோட்டம் இயந்திரத்துக்கே தீங்கானது. டீசல் இயந்திரம் போதிய சுமையின்றி ஓடும்போது உள்வெப்பம் குறைவதால், எரியாத எண்ணெயும் கரியும் புகைபோக்கியில் ஈரப்படிவாகச் சேரும். நாளடைவில் அதன் வலு குன்றும். நாள்தோறும் சிறிது ஓட்டிவிட்டால் இயந்திரம் நலமாயிருக்கும் என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்க.

சுமையேற்றிய பரிசோதனைக்குச் செலவு மிகுதியென்று சிலர் கூறுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். 200 கிலோவாற்று வலுவுடைய இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் 30 வீதம் 60 கிலோவாற்று. அச்சுமையில் அது மணிக்கு ஏறக்குறைய 20 லீற்றர் எண்ணெய் கொள்ளும். அரைமணி நேரப் பரிசோதனைக்கு 10 லீற்றர். ஆண்டு முழுவதற்கும் 120 லீற்றர். இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட இது மிகச் சிறிய தொகை. உண்மையான தடை அச்சமே எனலாம். பரிசோதனையின்போது ஏதேனும் பிழைத்து நோயாளிக்கு இடர் நேர்ந்தால் யார் பொறுப்பு என்று நிருவாகம் அஞ்சுகின்றது. அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அதற்குரிய பரிகாரம் முன்னேற்பாடு: வைத்தியர்க்கும் தாதியர்க்கும் நாளும் வேளையும் முன்கூட்டியே அறிவித்து, சத்திரசிகிச்சை இல்லாத பொழுதைத் தெரிந்து, சுவாசக் கருவி ஒவ்வொன்றின் அருகிலும் ஒருவரை நிறுத்திப் பரிசோதனையை நடத்துதல். பட்டப்பகலில், எல்லோரும் விழித்திருக்க, பிழை வெளிப்படுதல் நன்மையே. அப்பிழை நள்ளிரவிற் புயலோடு வெளிப்படின் யார் என்ன செய்வர்?

பரிசோதனையிற் கண்டறியப்படும் பிழைகள் பெரும்பாலும் சிறியனவே. இயந்திரம் தொடங்காமைக்கு அடிக்கடி காணப்படும் காரணம் மின்கலவடுக்கு. ஓய்ந்திருக்கும்போது அளவி 24 உவோற்றுக் காட்டும். தொடக்கு மோட்டாரின் சுமை ஏறியவுடன் வீழ்ந்துவிடும். அடுத்தது எண்ணெய். நெடுநாள் தாங்கியிற் கிடந்த டீசலில் நீர் திரளும். அந்நீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசிபோற் படியும். இயந்திரம் அதிர்ந்து ஓடத் தொடங்கியதும் அப்படிவு கலங்கி வடியை அடைக்கும். பின்னர்ச் சுமை. ஆண்டுதோறும் வைத்தியசாலைக்குப் புதிய கருவிகள் வருகின்றன. காப்புச் சுற்றில் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுகின்றன. அலுவலகத்துக் குளிரூட்டியும் தேநீர்க் கேத்தலும் அவற்றோடு சேர்ந்துவிடுகின்றன. நூறு கிலோவாற்றுக்கென வாங்கிய இயந்திரத்தின் தலையில் நூற்றைம்பது ஏறியிருப்பதை ஒருவரும் அறியார். மின்சாரம் அற்ற அன்றே அது தெரியவரும்.

நமது நாட்டு நிலை

இலங்கைக்கு இப்பொருள் தூரத்துச் செய்தியன்று. 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ற் 17, 2021 டிசெம்பர் 3, 2023 டிசெம்பர் 9, 2025 பெப்புருவரி 9 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் ஒருங்கே மின்சாரம் அற்றது. ஒன்பது ஆண்டு எல்லைக்குள் ஐந்து முறை இவ்வாறு நேர்ந்தது. இவற்றுள் இறுதியானதற்கு, பாணந்துறை உபமின்நிலையத்துக் கருவியில் ஒரு குரங்கு பட்டமையே தொடக்கம் எனக் கூறப்பட்டது. ஒரு சிற்றுயிரால் ஒரு தேசத்தின் மின்வலை சரியக்கூடுமாயின், எந்த வைத்தியசாலையும் அவ்வலையை மட்டும் நம்பியிருத்தல் இயலாதென்பது தெளிவு. வடபகுதியார்க்கு இதனைச் சொல்லித் தெரிவிக்கவேண்டியதில்லை. 1990களிற் பல ஆண்டுகள் குடாநாடு தேசிய மின்வலையினின்றும் துண்டுண்டு கிடந்தது, எரிபொருளும் கட்டுப்பாட்டுக்குட்பட்டிருந்தது. அக்காலத்தில் வைத்தியசாலையிற் கடமையாற்றியோர்க்கு ஒரு போத்தல் எண்ணெயின் பெறுமதி தெரியும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வேறொரு பாடத்தைப் புகட்டியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டது. காப்புக்கென வைக்கும் பிறப்பாக்கிகள் பெரும்பாலும் இடையிடையே சில மணிநேரம் ஓடுதற்கென அமைக்கப்பட்டவை. அவ்வகை வலுக்குறிப்பையுடைய இயந்திரம் ஆண்டொன்றுக்கு 200 மணிநேரத்துக்கு மேல் ஓடலாகாதென்பது சர்வதேச நியமம். நாளொன்றுக்கு 13 மணிநேரம் ஓடின், 16 நாட்களில் அவ்வெல்லை கடந்துவிடும். நெடுநேரம் ஓடுதற்குரிய வலுக்குறிப்பு வேறு; அவ்வியந்திரத்தின் விலையும் வேறு. அன்றியும், 100 கிலோவாற்றுச் சுமைக்கு மணிக்கு ஏறத்தாழ 30 லீற்றர் எண்ணெய் வேண்டும். 1,000 லீற்றர்த் தாங்கி முழுதும் நிறைந்திருப்பினும் 33 மணிநேரத்தில் வற்றிவிடும். எண்ணெய் நிலையங்களின்முன் வரிசை நின்ற அந்நாட்களில், தாங்கியின் கொள்ளளவும் பிறப்பாக்கியின் வலுவைப்போல முக்கியமானதென்பதை யாவரும் கண்டோம்.

காப்பே கேடாதல்

காப்புக்கென வைத்த இயந்திரம் கவனமின்மையாற் கொலைக்கருவியாதலும் உண்டு. நிலைமாற்றி இருபுறமும் தொழிற்படும் தன்மையுடையது. உயர் அழுத்தத்தைத் தாழ்த்தித் தரும் அதே கருவி, தாழ்ந்த பக்கத்தில் மின்னூட்டப்படின், அதனை மீண்டும் உயர்த்தும். பிறப்பாக்கியை ஊர்க் கம்பியினின்றும் விடுவிக்காது இணைத்தால், 400 உவோற்று பின்னோக்கிச் சென்று நிலைமாற்றியில் 11,000 அல்லது 33,000 உவோற்றாக உயர்ந்து, மின் அற்றதென நம்பிக் கம்பியைத் திருத்திக்கொண்டிருக்கும் ஊழியரின் உயிரைக் கவரும். இரண்டு மின்மூலங்களும் ஒருபோதும் ஒருங்கு சேராவண்ணம் பூட்டப்பட்ட மாற்றாளி இல்லாமற் பிறப்பாக்கியை இணைத்தல் பெருங்குற்றம். அவ்வாறே, இயந்திரத்தின் புகையில் நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. புகைபோக்கியின் வாய் நோயாளர் விடுதியின் யன்னலுக்கோ காற்று உள்ளிழுக்கும் வாயிலுக்கோ அண்மையில் அமைதலாகாது.

அன்பளிப்புச் செய்வோர் கேட்கவேண்டியவை

பழைய மாணவரும் வெளிநாட்டில் வாழும் அன்பரும் ஊர் வைத்தியசாலைக்கு மின்பிறப்பாக்கி வாங்கிக் கொடுப்பது நல்லறம். கையளிப்பு விழாவிற் பெயர் பொறித்த பலகையும் திறக்கப்படும். ஆனால் பணம் இயந்திரத்துக்கே செலவாகிவிட, மின்கலவடுக்குக்கும் எண்ணெய்க்கும் பராமரிப்புக்கும் ஒருவரும் பொறுப்பில்லாது போதல் அடிக்கடி நிகழ்வது. ஆகவே பணம் கொடுக்குமுன் சில வினாக்களைக் கேட்டல் கடமையாகும்.

எந்த எந்தச் சுற்றுக்களுக்கு இது மின் தரும்? தீவிர சிகிச்சைப் பிரிவும் சத்திரசிகிச்சைக் கூடமும் மகப்பேற்று விடுதியும் ஒட்சிசன் வழங்கும் தொகுதியும் அவற்றுள் அடங்குமா? மாற்றாளி தானியங்கியா, கையால் இயக்குவதா? கையால் இயக்குவதாயின், நள்ளிரவு இரண்டு மணிக்கு அதனை இயக்கத் தெரிந்தவர் வைத்தியசாலையினுள் இருப்பாரா, வீட்டிலிருந்து அழைக்கப்பட வேண்டுமா? தாங்கி எத்தனை மணிநேரம் தாங்கும்? எண்ணெய்க்குரிய பணம் யாருடைய பாதீட்டில் உள்ளது? மாரிவெள்ளம் ஏறிய மிகக்கூடிய மட்டம் யாது? இயந்திரம் மட்டுமன்றிப் பம்பியும் மாற்றாளியும் பங்கீட்டுப் பலகையும் அம்மட்டத்துக்கு மேலே உள்ளனவா? மின்கலவடுக்கை எவ்வாண்டில் மாற்றுவர்? சுமையேற்றிய மாதப் பரிசோதனையை நடத்துபவர் யார்? அதன் பதிவேட்டைப் பார்வையிடுபவர் யார்?

சேர்த்த பணத்தில் ஒரு பங்கை விலக்கிவைத்து, முதல் ஐந்தாண்டுகளின் பராமரிப்புக்கென ஒதுக்குதல் நன்று. இயந்திரத்தின் அளவைச் சிறிது குறைத்தேனும் இதனைச் செய்தல் தகும். மாதந்தோறும் பரிசோதிக்கப்படும் சிறிய இயந்திரம், பூட்டிய கொட்டிலில் உறங்கும் பெரிய இயந்திரத்தினும் பெருநன்மை தருவது.

இப்பொழுது கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு ஒரு சொல். 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நீங்கள் பரீட்சைக்கென்று கற்கின்றீர்கள். உங்களுட் சிலர் நாளை வைத்தியராய் இரவுக்கடமையில் நிற்பீர்கள். சிலர் பொறியியலாளராய் அந்தப் பிறப்பாக்கி அறையின் திறப்பை வைத்திருப்பீர்கள். சிலர் கணக்காளராய் எண்ணெய்ச் செலவுச் சீட்டில் ஒப்பமிடுவீர்கள். இம்மூவருள் ஒருவர் தம் கடமையிற் சோரினும் கட்டிலிற் கிடப்பவர்க்கு மூச்சு நிற்கும். அத்தகைய பதவியை அடையும் நாளில், அங்குள்ள பதிவேட்டை எடுத்துப் பார்த்து, சுமையேற்றிய பரிசோதனை இறுதியாக எந்நாளில் நடந்ததென்று கேளுங்கள். விடை கூறுவோர் தயங்கினால், அடுத்த பரிசோதனைக்குரிய நாளை அன்றே குறித்துவிடுங்கள்.